‘சும்மா போய் நிண்டா படம் வரும்’: ஆருக்கு வரும்?

போன வருசம் எங்கட பச் ஆக்கள் சேர்ந்து ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி வைச்சம். மண்டபம் எண்டு சொல்ல ஏலாது. விரிவுரை முடிஞ்ச ஒரு வகுப்பறை, குறுக்கால கட்டின கயிறு, உடுப்புக் கிளிப்புகளில கொழுவின முப்பது படங்கள். அதில என்ர படமும் ஒண்டு. என்ர சிநேகிதியின்ர அம்மம்மா ஒரு குளக்கட்டில நிக்கிறா. அவவுக்குப் பின்னால முழுநிலா. அவவின்ர உயரமும் நிலாவின்ர உயரமும் கிட்டத்தட்ட ஒண்டு.

படம் எடுக்கிறதில பேர் எடுத்த ஒரு அண்ணா வந்திருந்தார். என்ர படத்துக்கு முன்னால கன நேரம் நிண்டார். எனக்குச் சந்தோசம் தாங்கேலாமல் கிட்டப் போனன்.

“இதை எப்பிடித் தங்கச்சி எடுத்தனீர்?”

“மூண்டு நாளைக்கு முதலே கணக்குப் பாத்து வைச்சனாங்கள் அண்ணா. நிலா எங்க எழும்பும், நாங்கள் எங்க நிக்கோணும் எண்டு.”

அவற்ற முகம் மாறினது. “ஓ, ஆப் பாத்து எடுத்ததோ. அப்ப இது கணக்குத்தானே. நாங்கள் உந்த ஒண்டும் பாக்கிறேல்லை. சும்மா போய் நிப்பம். படம் வரும்.”

அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டும் இல்லை. ‘தற்செயலாக் கிடைச்சது’, ‘மனசு சொன்னது, கிளிக் பண்ணினன்’ என்று படங்களுக்குக் கீழே எழுதுகிற எல்லாருக்கும்.

‘சும்மா’ எண்டதின்ர விலை

‘சும்மா போய் நிற்க’ என்ன வேண்டும் என்று ஒருக்கால் பட்டியல் போட்டுப் பாருங்கள். நினைத்த நேரம் வெளிக்கிட மோட்டார் சைக்கிள் வேண்டும். அதுக்குப் பெற்றோல் வேண்டும். சொந்தக் கமரா வேண்டும். இன்றைக்கு வானம் சரிவரவில்லை என்றால் நாளைக்கும், நாளையின்றைக்கும் வர நேரம் வேண்டும். இருட்டின பிறகு கடற்கரையில் தனிய நின்றால் ஒருவரும் ‘என்ன பிள்ளை இதில நிக்கிறாய்?’ என்று கேட்காத உடம்பு வேண்டும். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனால், ‘சாப்பிட்டியோ?’ என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்காத வீடு வேண்டும்.

எனக்கு இதில் ஒன்றும் இல்லை. கமரா இரவல். அதுவும் சிநேகிதியின் மச்சான் கொழும்பில் இருந்து லீவில் வருகிற நாட்களில் மட்டும். போவதும் வருவதும் பஸ்ஸில். ஏழு மணிக்குள்ள வீட்டில நிக்கோணும். பிந்தினால் அடுத்த முறை வெளிக்கிடவே ஏலாது. ‘அம்மா, நான் போய்ச் சும்மா நிக்கப் போறன், எப்ப வருவன் எண்டு தெரியாது’ என்று சொல்லிப் பாருங்கள். பதில் உங்களுக்கே தெரியும்.

ஆனால், ‘அம்மா, சூரியன் 6.21க்கு விழும். நல்ல வெளிச்சம் ஆறு மணியில இருந்து. 6.30க்குப் பஸ் எடுத்தா ஏழுக்கு வீடு’ என்று சொன்னால் அது வேறு கதை. அதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, திரும்பி வருகிற வழியும் இருக்கிறது. அம்மா ஓம் என்று சொல்லக்கூடிய ஒரு வசனம் அது. அந்த வசனத்தை எனக்குத் தந்தது ஒரு ஆப்தான்.

அதனால் நான் அடித்துச் சொல்வேன்: தற்செயல் என்பது வசதி உள்ளவர்களின் கலை. நூறு நாள் போய் நிற்கக்கூடியவருக்கு ஒரு நாள் தற்செயல் நடக்கும். வருசத்தில் நாலு நாள் மட்டும் போகக்கூடியவளுக்கு அந்த நாலு நாளும் கணக்காக இருக்க வேண்டும். நூறு நாள் நின்றவர் மிச்சத் தொண்ணூற்றொன்பது நாளையும் மறைத்துவிட்டு, ஒரு நாளைக் காட்டி ‘தானா வந்தது’ என்கிறார். நாங்கள் மறைக்காமல் ‘கணக்குப் பாத்தம்’ என்கிறோம். இதில் ஆர் ஏமாற்றுகிறார்?

அந்தக் குளக்கட்டுப் படம்

கணக்கு என்றால் ஏதோ பொத்தானை அமத்தினவுடனே படம் விழுகிற மாதிரி அந்த அண்ணா நினைத்தார். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

வானத்தில் நிலாவின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகை. கையை நீட்டிச் சின்னவிரலைப் பிடித்தால் அதில் பாதிக்குள் நிலா மறைந்துவிடும். எழும்பும்போது பெரிதாகத் தெரிவது எங்கள் மனசு செய்கிற வேலை. அளந்தால் உச்சியில் இருக்கும்போது உள்ள அளவுதான். அப்படியென்றால் படத்தில் நிலாவை எப்படிப் பெரிசாகக் காட்டுவது? நிலாவைப் பெரிசாக்க ஏலாது, முன்னால் நிற்கிற ஆளைத்தான் சின்னனாக்க வேண்டும். அதாவது தூரப் போக வேண்டும். ஒரு பொருளின் உயரத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் நின்றால் அந்தப் பொருளும் நிலாவும் ஒரே அளவாகத் தெரியும். அம்மம்மா ஒன்றரை மீற்றர் உயரம். 165 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும்.

அடுத்தது எந்த நாள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழும்புகிறது. போயாவுக்கு முதல் நாள் வெயில் இருக்கும்போதே எழும்பிவிடும். வானம் வெளுப்பாக இருப்பதால் நிலாவும் மங்கலாக இருக்கும். போயாவுக்கு அடுத்த நாள் வானம் கறுத்த பிறகுதான் வரும். ஆளின் முகம் தெரியாது. போயா அன்றைக்குச் சூரியன் விழுகிற நேரமும் நிலா எழும்புகிற நேரமும் கிட்டக்கிட்ட இருக்கும். ஆளிலும் வெளிச்சம் இருக்கும், நிலாவிலும் வெளிச்சம் இருக்கும். எங்கள் நாட்டில் போயா விடுமுறை நாளும்கூட. இதைவிட என்ன வேண்டும்?

பிறகு, எங்கே நிற்பது. சன்கல்க், போட்டோகிராபர்ஸ் எஃபெமெரிஸ் மாதிரி இணையத்தில் சும்மா திறக்கக்கூடிய கருவிகள் இருக்கின்றன. வரைபடத்தில் ஒரு ஊசியைக் குத்தி நாளைக் குடுத்தால், சூரியனும் நிலாவும் எழும்பும், விழும் திசையைக் கோடு போட்டுக் காட்டும். சன்கல்க் சூரியனுக்கு, எஃபெமெரிஸ் ரெண்டுக்கும். ஃபோட்டோபில்ஸ் இன்னும் கனக்கச் செய்யும், ஆனால் அதுக்குப் பத்து டொலருக்கு மேலே குடுக்க வேண்டும். எங்களிட்ட டொலரும் இல்லை, டொலர் கட்டுகிற காட்டும் இல்லை. இலவசமானதே காணும். அம்மம்மா நிற்கப்போகிற இடத்தில் ஊசியைக் குத்தி, நிலாக் கோட்டைப் பின்பக்கமாக 165 மீற்றர் நீட்டினோம். கட்டுக்குக் கீழே தரிசாகக் கிடந்த ஒரு வயலில் போய் முடிந்தது.

அங்கே போனால் இரண்டு பிழை.

முதலாவது, ஆப் சொல்கிற நேரம் தட்டையான அடிவானத்துக்கானது. எங்களுக்கு முன்னால் இருந்தது எங்கள் கண்மட்டத்தைவிட அஞ்சு மீற்றர் போல உயர்ந்த கட்டு. 165 மீற்றரில் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் பாகை. நிலா ஒரு பாகை ஏற நாலு நிமிடம் போல எடுக்கும். ஆக, ஆப் சொன்ன நேரத்துக்கு ஏழு எட்டு நிமிடம் பிந்தித்தான் கட்டுக்கு மேலால் வரும். இது விளங்காமல் நாங்கள் ‘வரேல்லை, வரேல்லை’ என்று அந்தரப்பட்டுக்கொண்டு நின்றோம்.

இரண்டாவது, போனில் உள்ள திசைகாட்டியை நம்பினது. பக்கத்தில் இரும்பு இருந்தாலே அது பிசகும். அஞ்சு பாகை பிழைத்தால் 165 மீற்றரில் 14 மீற்றர். நிலா அம்மம்மாவுக்குப் பின்னால் இல்லை, எங்கேயோ அங்கால எட்டிப் பார்க்கிறது. நிலா தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடம்தான். கமராவையும் காலையும் தூக்கிக்கொண்டு வயலுக்குள்ளால் நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்திருந்தால் அந்த அண்ணா ‘கணக்குத்தானே’ என்று சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் போனில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மம்மா கட்டில் இருந்த மருதமரத்தைக் காட்டி, “உதுக்குக் கொஞ்சம் தெற்கால வரும். ஆனியில இன்னும் அங்கால போகும், மார்கழியில இஞ்சால வந்திடும்” என்றா. கோடும் அதைத்தான் சொன்னது. முழுநிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதால் சூரியன் வடக்கே போகிற மாதங்களில் அது தெற்கே எழும்பும். அம்மம்மாவுக்கு ஆப் தேவைப்படவில்லை. ஆனால் அவ எழுபது வருசம் அந்தக் குளத்தடியில் இருந்து பார்த்தவ. எனக்கு இருந்தது ஒரு பின்னேரம்.

இது புதுப் பழக்கமில்லை

‘ஆப் வந்துதான் கலை கெட்டது’ என்பவர்கள் தங்கள் வீட்டுச் சுவரை ஒருக்கால் திரும்பிப் பார்க்கட்டும். அதில் ஒரு கலண்டர் தொங்கும். சூரிய உதயம், திதி, நட்சத்திரம் எல்லாம் அதில் இருக்கும். வாக்கியமா திருக்கணிதமா என்று எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது என்பதில் ஊரே இரண்டுபட்டு நிற்கும். நாங்கள் நாள் பார்க்காமல் கிடுகு வேலிகூட அடைக்காத சனம். கலியாணத்துக்கும் குடிபூரலுக்கும் சூரியனையும் நிலாவையும் கணக்குப் பார்க்கலாம், படம் எடுக்க மட்டும் பார்க்கக் கூடாதோ? போனில் இருக்கிறதும் ஒரு பஞ்சாங்கந்தான். நல்ல நேரம், கெட்ட நேரம் சொல்லாது என்பது மட்டுந்தான் வித்தியாசம்.

புகைப்பட வரலாற்றில் தற்செயலுக்கு உதாரணமாக எப்போதும் ஒரு படத்தைக் காட்டுவார்கள்: அன்செல் அடம்ஸ் 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் எடுத்த ஹேர்னாண்டஸ் ஊரின் நிலா உதயம். றோட்டால் போய்க்கொண்டிருந்தவர் வாகனத்தை நிறுத்தி அவதியாகக் கமராவைப் பொருத்தினார். ஒளிமானியைத் தேடினார், கிடைக்கவில்லை. கல்லறைச் சிலுவைகளில் விழுந்த கடைசி வெயில் போய்க்கொண்டிருந்தது. ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. இதுவரைக்கும் சொல்லிவிட்டு ‘பார்த்தீங்களா, தற்செயல்!’ என்பார்கள்.

மிச்சக் கதையைச் சொல்ல மாட்டார்கள். ஒளிமானி இல்லாமல் அவர் எப்படி ஒளியளவைத் தீர்மானித்தார்? நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கண்டில் என்று அவருக்கு மனப்பாடம். அதில் இருந்து கணக்குப் போட்டார். அவரிடம் ஆப் இல்லை, ஆனால் ஆப் தலைக்குள் இருந்தது. அவர் திகதியைக் குறித்து வைக்காததால் படம் எடுத்த வருசத்தைப் பலமாதிரிச் சொல்லிவந்தார். கடைசியில் வானியல் தெரிந்தவர்கள் படத்தில் நிலா நின்ற இடத்தை வைத்துக் கணக்கிட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று கண்டுபிடித்தார்கள். தற்செயல் என்று கும்பிடுகிற படத்துக்குள்ளேயே கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது.

இனி மற்றப் பக்கம்

இவ்வளவையும் வாசித்துவிட்டு ஆப் வைத்திருக்கிற ஆட்கள் கைதட்ட வேண்டாம். உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

இன்ஸ்ரகிராமைத் திறந்தால் பண்ணைப் பாலம். செம்மஞ்சள் வானம், களப்பில் நட்ட தடிகள், தோணியில் ஒரு கறுத்த உருவம். அடுத்த படம், அதே பாலம், அதே தடி, அதே உருவம். ஆள் மட்டும் வேறு. எல்லாரும் ஒரே யூரியூப் பாடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ‘கோல்டன் அவருக்கு’ ஒரே இடத்தில் போய் நிற்கிறோம். இதுக்குப் பேர் திட்டமிடல் இல்லை, வரிசையில நிக்கிறது.

அந்தப் பாடமே எங்களுக்குப் பொருந்தாது. சூரியன் விழமுதல் ஒரு மணித்தியாலம் பொன்னொளி என்று சொல்கிறவர் இங்கிலாந்திலோ கனடாவிலோ இருக்கிறார். அங்கே சூரியன் சரிந்து சரிந்து மெதுவாக இறங்கும். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைகூட இல்லை. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக விழும். அடிவானத்துக்கு மேலே 6 பாகையில் இருந்து அடிவானம் தொட 25 நிமிடம் போலத்தான். அதுக்குப் பிறகு வருகிற நீல வெளிச்சம் பத்து நிமிடம்கூட நிற்காது. ‘ஒரு மணித்தியாலம் இருக்கு, ஆறுதலா ரீ குடிச்சிட்டுப் போவம்’ என்றால் ரீதான் மிஞ்சும். ஆப்பைத் திறந்து எங்கள் ஊரில் ஊசியைக் குத்திப் பார்த்தவருக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். பாடத்தைக் கேட்டவருக்கு விளங்காது. கருவிக்கும் பாடத்துக்கும் வித்தியாசம் அதுதான்: கருவி நீங்கள் நிற்கிற இடத்தில் இருந்து கணக்குப் போடும், பாடம் தான் நிற்கிற இடத்தில் இருந்து கட்டளை போடும்.

எங்கள் இடத்துக்கென்று எத்தனை விசயம் இருக்கிறது! ஆனிக்கும் மார்கழிக்கும் இடையில் சூரியன் விழுகிற இடம் அடிவானத்தில் 48 பாகை நகர்கிறது, அரைச் செங்கோணத்துக்கும் மேலே. அதே பண்ணையில் நின்றாலும் ஒவ்வொரு மாசமும் சூரியன் வேறு ஒன்றுக்குப் பின்னால் விழும். பால்வெளியின் மையப்பகுதி லண்டனில் அடிவானத்தில் இருந்து 10 பாகைகூட ஏறாது. எங்களுக்குத் தெற்கு வானில் 50 பாகை வரை ஏறும். அதைப் பார்க்கச் சாமம் ஒரு மணிக்கு எங்கேயும் போகத் தேவையில்லை. ஸ்டெல்லேரியத்தைத் திறந்து பாருங்கள். ஓகஸ்ட் கடைசி, செப்ரெம்பரில் அமாவாசையை ஒட்டின நாட்களில் இரவு ஏழரைக்கே அது உயரத்தில் நிற்கும். பட்டினத்து வெளிச்சம் இல்லாத ஊர் என்றால் சொந்த வீட்டு முற்றமே காணும். இரவில் வெளிக்கிட ஏலாத பெட்டையளுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன?

எல்லாரும் ‘கூடாது, கூடாது’ என்று ஒதுக்குகிற மத்தியானத்தையும் பாருங்கள். வருசா வருசம் ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை இலங்கைக்கு நேர் மேலே சூரியன் வருகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். தெற்கில் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு அது கடைசியில், புதுவருசத்தை ஒட்டி வரும். அன்றைக்கு மத்தியானம் 12.10 அளவில் நட்டு வைத்த தடிக்கு நிழல் இருக்காது. மனிசருக்கும் அப்படித்தான். நிழல் காலுக்குக் கீழே போய்விடும்.

அந்த நேரத்தில் செம்மண் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். தலையில் துவாய், காலடியில் நிழல்கூட இல்லை. அந்த வெளிச்சம் ‘அழகில்லை’. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும், வானம் வெளிறும். ஆனால் அந்த வேலையின் உண்மையான வெளிச்சம் அதுதான். பொன்னொளியில் எடுத்தால் உழைப்பு ஓவியமாகிவிடும், வெயில் காணாமல் போய்விடும். மீன்பிடிக்கிறவர் எங்கள் படங்களில் எப்போதும் கறுத்த உருவமாக மட்டும் இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? சூரியனுக்கு முன்னால் நிறுத்துகிறோம். முகம் தேவைப்படவில்லை. ஆப் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அது சூரியன் எங்கே என்று மட்டும்தான் சொன்னது. முதுகுப் பக்கம் போவதா முகத்துப் பக்கம் போவதா என்று தீர்மானித்தது நாங்கள்.

மேகம் கடல் கடந்து வரும்

சூரியனும் நிலாவும் சொன்ன நேரத்துக்கு வரும். மேகம் வராது. இதில்தான் நான் மோசமாக ஏமாந்தேன்.

ஒரு பங்குனிப் பின்னேரம், கமரா கிடைத்த ஒரே நாள். போன் ‘மேகம் குறைவு’ என்றது. பண்ணையில் தலைக்கு மேலே பளிங்கு மாதிரி வானம். சூரியன் விழக் கால் மணித்தியாலம் இருக்கும்போது மேற்கில் கிடந்த ஒரு சாம்பல் பட்டிக்குள் போனது. போனது போனதுதான். ஒரு படமும் இல்லாமல் பஸ் ஏறினேன்.

பிறகுதான் விளங்கினது: சூரியன் விழும்போது எங்களுக்கு வருகிற வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலால் வருவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு நேர் மேற்கே போனால் பாக்கு நீரிணை தாண்டி நூறு கிலோமீற்றர் சொச்சத்தில் தொண்டிப் பக்கம் வரும். உயரத்தில் இருக்கிற மெல்லிய மேகத்தைக் கீழிருந்து சிவக்க வைக்கிற கதிர், 200, 300 கிலோமீற்றர் தள்ளித் தமிழ்நாட்டுத் தரையை உரசிக்கொண்டு வருகிறது. அங்கே கட்டை மேகம் அடைத்தால் இங்கே சிவப்பு இல்லை. எங்கள் வானம் சிவக்குமா என்று தீர்மானிப்பது மதுரைப் பக்கத்து மேகம்! அதனால் இப்போது விண்டியைத் திறந்தால் யாழ்ப்பாணத்தைப் பார்ப்பதோடு நிற்க மாட்டேன். மேற்கே தள்ளிக்கொண்டு போய்க் கீழ்மட்ட மேகத்தைத் தனியாகப் பார்ப்பேன். செய்மதிப் படத்தையும் பார்ப்பேன், அது எதிர்வுகூறல் இல்லை, இப்ப இருக்கிற மேகம்.

எதிர்வுகூறலை எழுதினபடி நம்பவும் கூடாது. உலகத்துக்கே கணக்குப் போடுகிற ஐரோப்பிய மாதிரியின் ஒரு கட்டம் 9 கிலோமீற்றர் அளவு. ஒரு கட்டத்துக்குள் கடல், களப்பு, தரை எல்லாம் சேர்ந்து ஒரு இலக்கமாகிவிடும். எங்கள் குடாநாட்டின் அகலத்துக்கு அது பெரிய வலைக்கண். கோப்பாயில் மழை, கோண்டாவிலில் வெயில் என்பதெல்லாம் அதுக்குள் அகப்படாது. அதுக்கு வெளியே வந்து வானத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் திணைக்களம் எச்சரிக்கை விட்டால் அது வேறு. 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது மாதிரி நாட்களில் ‘செம வானம்’ என்று கடற்கரைக்கு ஓடுகிறது திட்டமிடலும் இல்லை, துணிவும் இல்லை.

ஆப்புக்குத் தெரியாத வேறு சிலதும் இருக்கின்றன. அது போடுகிற கோடு ஆருடைய காணிக்குள்ளால் போகிறது என்று அதுக்குத் தெரியாது. அந்தக் கோட்டில் கமரா தூக்கக் கூடாத மதில் ஒன்று இருக்கிறதா என்று தெரியாது. எங்கள் ஊர்களில் அது சின்ன விசயம் இல்லை. கோயில் வாசலில் எந்த நேரம் படம் எடுக்கலாம் என்று தெரியாது. தோணியை இழுத்துக் கரைசேர்க்கிற ஐயாவுக்குத் தன்னைப் படம் எடுப்பது விருப்பமா என்றும் தெரியாது. இதெல்லாம் முதல் நாளே போய்க் கதைத்துக் கேட்க வேண்டிய விசயங்கள். உண்மையில் திட்டமிடலில் பாதி வேலை இதுதான். முதல் நாளே வந்து கேட்ட பிள்ளைக்கும், வெளிச்சம் நல்லா இருக்கு என்று திடீரெண்டு முகத்துக்கு நேரே கமராவை நீட்டின ஆளுக்கும் உள்ள வித்தியாசம் சனத்துக்கு நல்லாத் தெரியும். ‘சும்மா போய் நிப்பம்’ என்கிற கலையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அதுதான் எனக்கு அதில் உள்ள பெரிய கோபம்.

என்ன செய்யலாம்

கண்காட்சி வைக்கிற, போட்டி வைக்கிற ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். படத்துக்குக் கீழே ‘தற்செயலாக் கிடைத்தது’ என்று எழுதுவதை விடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எங்கே நின்றீர்கள், எத்தனை தரம் போனீர்கள், ஆரிட்ட கமரா வாங்கினீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் முதலாம் வருசத்துப் பிள்ளை ஒன்று படத்துக்கு முன்னால் நின்று ‘எனக்கு உந்த வரம் இல்லை’ என்று திரும்பிப் போகாமல், ‘ஓ, இப்பிடித்தானோ, அப்ப நானும் செய்யலாம்’ என்று நினைக்கும்.

எங்களுக்குள்ளே ஒரு வேலையும் இருக்கிறது. இந்தக் கருவிகளில் பல ஆங்கிலத்தில் பேசுகின்றன. எங்கள் இடங்களுக்கென்று தமிழில் ஒரு ஒளி நாட்காட்டி போடுவது பெரிய காரியம் இல்லை. பன்னிரண்டு போயா, பன்னிரண்டு அமாவாசை, எந்த மாசம் சூரியன் எங்கே விழும், நிழல் இல்லாத நாள் எது, எந்த இடத்தில் இருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு. கடைசியாகச் சொன்னதை மறக்க வேண்டாம். எந்த ஆப்பிலும் அது இல்லை, ஆனால் அதுதான் எங்களில் பாதிப் பேர் படம் எடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கிறது.

அந்தப் போயாப் பின்னேரம் அம்மம்மா நல்ல சீலை ஒன்று கட்டிக்கொண்டு கட்டில் ஏறி நின்றா. 165 மீற்றர் தூரத்தில் இருந்து கத்தினால் கேட்காது. அதனால் சிநேகிதி கட்டுக்குக் கீழே மறைந்து நின்று போனில் எனக்கும் வாயால் அவவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. அம்மம்மா கேட்டது போனுக்குள்ளால் எனக்கும் கேட்டது: “பிள்ளை, நிலா வரேக்க நான் என்ன செய்யோணும்?”

“சும்மா நில்லுங்கோ அம்மம்மா.”

அவ சும்மா நின்றா. அவ சும்மா நிற்கிறதுக்காக நாங்கள் மூன்று நாள் கணக்குப் பார்த்தோம், ஒரு வயல் முழுக்க ஓடினோம். படம் சும்மா வரவில்லை அண்ணா.